இரண்டு பட்டியலிலும் இருந்தால் பொதுவா?

மரபியல் தரவோடு புழங்குகிற யாரும் ஒரு முறையாவது வரைந்திருக்கும் படம் ஒன்று உண்டு. இரண்டு வட்டங்கள், ஓரத்தில் கொஞ்சம் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும். இடது வட்டத்தில் ஒரு நோயோடு தொடர்புள்ள மரபணு இடங்கள், வலது வட்டத்தில் இன்னொரு நோயோடு தொடர்புள்ளவை. நடுவில் விழுந்தவை 'பொதுவானவை', வெளியே நின்றவை 'தனித்தன்மை கொண்டவை'. பார்க்க அழகாக இருக்கும். கருத்தரங்கில் காட்டினால் எல்லாரும் தலையாட்டுவார்கள். எனக்கு மட்டும் அந்தப் படத்தின் மேல் துளியும் நம்பிக்கை வருவதில்லை. நடுவில் இருப்பதைப் பொது என்று சொல்லவும் முடியாது, வெளியே இருப்பதைத் தனி என்று சொல்லவும் முடியாது. ஏன் என்று கொஞ்சம் விரிவாக எழுதிப் பார்க்கிறேன்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. ஒரு மரபு வேறுபாடு இரண்டு நோய்களையும் உண்மையிலேயே ஒரே அளவுக்குப் பாதிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு நோய்களுக்கும் தனித்தனி ஆட்களை வைத்துத் தனித்தனி ஆய்வு. ஒவ்வொரு ஆய்விலும் அந்த வேறுபாடு கண்ணில் படுகிற வாய்ப்பு 30 சதவீதம். மரபணுத்தொகுதி முழுவதையும் அலசும் தொடர்பாய்வுகளில், அதாவது துறையில் எல்லாரும் ஜிவாஸ் என்று சொல்கிற ஆய்வுகளில், இது ஒன்றும் மோசமான எண் இல்லை. தாண்ட வேண்டிய வாசலே அவ்வளவு உயரம். பி-மதிப்பு, அதாவது விளைவே இல்லாதபோதும் இவ்வளவு பெரிய தொடர்பு தற்செயலாகத் தென்படும் வாய்ப்பு, பத்துக் கோடியில் ஐந்துக்கும் கீழே போக வேண்டும்.

இப்போது இரண்டு பட்டியலிலும் அது இடம்பெற வாய்ப்பு 9 சதவீதம். ஏதாவது ஒன்றில் மட்டும் இடம்பெற 42 சதவீதம். இரண்டிலும் தவறிப்போக 49. இப்படிப்பட்ட வேறுபாடுகள் நூற்றுக்கணக்கில் இருந்து, எல்லாமே முழுக்க முழுக்கப் பொதுவானவை என்றாலும், நம் வட்டப்படத்தில் ஏறும் 51 சதவீதத்தில் 9 மட்டும்தான் நடுவில் விழும். ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. 'இந்த இரு நோய்களின் மரபு அடிப்படை பெரும்பாலும் வேறு' என்று முடிவுரை எழுதிவிடுவோம். இரண்டு நோய்களுக்குப் பதில் ஒரு வேறுபாட்டைப் பத்து திசுக்களில், கண்டுபிடிக்கும் திறன் அதே 30 சதவீதமாக இருக்கப் பார்த்தால், பத்திலும் தென்படும் வாய்ப்பு ஒரு லட்சத்தில் ஒன்றுகூடத் தேறாது. அந்தப் படம் காட்டுவது உயிரியலை அல்ல, மாதிரியின் அளவை.

இதற்குப் பின்னால் இருக்கும் பிழை மரபியலுக்கு மட்டும் சொந்தமானதும் இல்லை. ஆண்ட்ரூ கெல்மனும் ஹால் ஸ்டெர்னும் 2006-இல் இதற்கென்றே ஒரு கட்டுரை எழுதினார்கள். ஒன்று 'குறிப்பிடத்தக்கது', இன்னொன்று 'இல்லை' என்பதால் இரண்டுக்கும் இடையே உள்ள வித்தியாசம் குறிப்பிடத்தக்கது ஆகிவிடாது என்பதுதான் அதன் சாரம். எண்ணோடு பார்த்தால் உடனே புரியும். முதல் ஆய்வில் விளைவு 0.10, திட்டப்பிழை (மதிப்பீடு தற்செயலாக எவ்வளவு ஆடும் என்பதன் அளவு) 0.02. இரண்டாவதில் விளைவு 0.06, திட்டப்பிழை 0.04. முதலாவது பளிச்சென்று தெரிகிறது, இரண்டாவது இரைச்சலில் மறைகிறது. ஆனால் வித்தியாசம் 0.04, அதன் திட்டப்பிழை ஏறத்தாழ 0.045. வித்தியாசம் உண்டு என்று சொல்ல நம்மிடம் எதுவுமே இல்லை.

சரி, வெளியே நிற்பவற்றை விடுவோம். நடுவில் விழுந்தவையாவது பொதுவானவைதானே?

அதுவும் நிச்சயமில்லை. மூன்று வழிகளில் ஏமாறலாம். முதலாவது, ஆட்களே பொதுவாக இருப்பது. 2007-இல் வெளிவந்த வெல்கம் டிரஸ்ட் கூட்டமைப்பின் ஆய்வு ஏழு நோய்களை எடுத்தது. ஒவ்வொன்றுக்கும் சுமார் 2,000 நோயாளிகள், ஏழுக்கும் சேர்த்து ஒரே 3,000 பேர் ஒப்பீட்டுக் குழு. செலவைக் குறைக்க அருமையான யோசனை, தொடர்ந்து வந்த பலரும் பின்பற்றினார்கள். ஆனால் அந்த 3,000 பேரில் ஏதோ ஒரு வேறுபாடு தற்செயலாகக் கொஞ்சம் அரிதாக இருந்துவிட்டால் ஏழு நோய்களிலும் அது ஒரே நேரத்தில் 'அதிகமாக' தெரியும். கணக்குப் போட்டால், இப்படி ஒப்பீட்டுக் குழுவைப் பகிர்ந்துகொள்ளும் இரு நோய்களின் புள்ளிவிவரங்களுக்கு இடையே, எந்த மரபுத் தொடர்பும் இல்லாதபோதே, 0.4 அளவுக்கு ஒட்டுறவு, அதாவது சேர்ந்தே ஏறி இறங்கும் போக்கு, வந்துவிடும். ஃபிஷர் முறையில் பி-மதிப்புகளைச் சேர்க்கிறவர்கள் இரண்டும் சார்பற்றவை என்று எடுத்துக்கொண்டு சேர்க்கிறார்கள். இங்கே அந்த அடிப்படையே ஆடிப்போகிறது.

இரண்டாவது, அக்கம்பக்கத்துக் குழப்பம். அதே 2007-இல் ஒன்பதாம் குரோமோசோமின் 9பி21 என்ற பகுதி பரபரப்பாகப் பேசப்பட்டது. இதயத் தமனி நோய் அங்கே கைகாட்டியது, இரண்டாம் வகை நீரிழிவும் அங்கேயே கைகாட்டியது. இரண்டு நோய்களும் ஒருவருக்கே சேர்ந்து வருவதைப் பார்த்துப் பழகிய மனசுக்கு, 'இதோ பொதுவான மரபணு' என்று சொல்ல ஆசை வரும். கூர்ந்து பார்த்தபோது இரண்டு நோய்களின் முதன்மை வேறுபாடுகள் பக்கத்துப் பக்கத்துப் பகுதிகளில் இருந்தன, ஒன்றோடொன்று அதிகம் சேர்ந்து வராதவை. முகவரி ஒன்றுபோலத் தெரிந்தது, ஆள் வேறு. ஹன்ஸ் க்ரூனபெர்க் 1938-லேயே பிளியோட்ரோபியை, அதாவது ஒரே மரபணு பல பண்புகளைத் தொடுவதை, உண்மையானது, போலியானது என்று பிரித்தார். அவர் மனதில் இருந்த போலி வேறு மாதிரியானது என்றாலும், சந்தேகிக்கும் பழக்கம் இந்தத் துறையில் அவ்வளவு பழையது.

மூன்றாவதுதான் சுவாரசியமானது. ஒரு பண்பு வழியாக இன்னொன்று. 2008-இல் பதினைந்தாம் குரோமோசோமில், நிகோடின் ஏற்பிகளுக்கான மரபணுக்கள் இருக்கும் பகுதியில், நுரையீரல் புற்றுநோயோடு தொடர்புள்ள ஒரு வேறுபாடு ஒரே சமயத்தில் பல குழுக்களின் கண்ணில் பட்டது. அதே வேறுபாடு எத்தனை சிகரெட் புகைக்கிறார்கள் என்பதோடும் தொடர்புள்ளது. இது நேரடியாகப் புற்றுநோயைத் தூண்டுகிறதா, அல்லது அதிகம் புகைக்கவைத்து அந்த வழியாக வருகிறதா? புகைத்த சிகரெட் எண்ணிக்கையைச் சமன்செய்த பிறகும் தொடர்பு மிச்சமிருந்ததால் 'நேரடி விளைவும் உண்டு' என்று வாதிட்டவர்கள் இருந்தார்கள். ஆனால் 'நாளைக்கு எத்தனை' என்று கேட்டால் கிடைக்கும் பதில் மோசமான அளவுகோல். ஒருவர் எவ்வளவு ஆழமாக இழுக்கிறார் என்பது அதில் இல்லை. நிகோடின் உடலில் உடைந்து உருவாகும் கோட்டினினை அளந்தபோது, அந்த வேறுபாட்டோடு தொடர்பு இன்னும் பலமாகத் தெரிந்தது. இடையில் நிற்கும் பண்பை மோசமாக அளந்தால், 'சமன்செய்துவிட்டேன்' என்று சொல்வதற்கு அர்த்தம் குறைவு. புள்ளியியல் மாதிரிக்குள் போட்ட மாறியின் பெயரைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது.

ஆக, பட்டியல்களை வெட்டி ஒட்டுவது வேலைக்கு ஆகாது. வேறு என்னதான் வழி?

விடை ஜிவாஸுக்கு ரொம்ப முன்னாடியே இருந்தது, அதுவும் கால்நடை வளர்ப்பில். 1943-இல் லேனாய் ஹேசல், ஒரு மரபணுவைக்கூடப் பார்க்காமல், இரண்டு பண்புகளின் மரபு விளைவுகள் எவ்வளவு தூரம் சேர்ந்து நகர்கின்றன என்று மதிப்பிட வழி சொன்னார். தந்தைவழி உறவுக் கூட்டங்களை எடுத்துக்கொள்கிறோம். ஒரு விலங்கின் ஒரு பண்பு, அதன் உறவு விலங்கின் வேறொரு பண்போடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பார்க்கிறோம். ஒரே உடலில் இரண்டையும் அளந்தால் சூழலும் சேர்ந்து குழப்பும், உறவினரிடம் அளந்தால் மரபின் பங்கு பிரிந்துவிடும். இந்த மரபு ஒட்டுறவுதான் இன்று வரை இந்தத் துறையின் முதுகெலும்பு. எந்த இடம் என்று கேட்காமல் மொத்தமாக எவ்வளவு என்று கேட்கிறோம், அதனால் வாசல் தாண்டாத ஆயிரக்கணக்கான சின்ன விளைவுகளும் கணக்கில் வந்துவிடுகின்றன.

மனித மரபியலில் இந்த எண்ணம் திரும்பி வந்த விதம் எனக்குப் பிடித்தமானது. 2009-இல் சர்வதேச ஸ்கிட்சோஃப்ரினியா கூட்டமைப்பு, தனித்தனியாகப் பார்த்தால் எதையும் நிரூபிக்காத ஆயிரக்கணக்கான வேறுபாடுகளைக் கூட்டி ஒரே மதிப்பெண் ஆக்கியது. அது வேறு மாதிரியில் ஸ்கிட்சோஃப்ரினியாவைக் கொஞ்சம் கணித்தது, இருதுருவக் கோளாறையும் கணித்தது. இதய நோய் போன்ற மூளை சாராத நோய்களைக் கணிக்கவில்லை. 2013-இல் நேரடியாக அளந்தபோது அந்த இரு மனநோய்களுக்கு இடையே மரபு ஒட்டுறவு 0.68 என்று வந்தது. வட்டப்படம் வரைந்திருந்தால் அன்றைய தேதியில் நடுவில் விரல்விட்டு எண்ணக்கூடிய இடங்கள்தான் இருந்திருக்கும்.

இந்த அளவீட்டுக்கு அப்போது தனிநபர்களின் மரபணுத் தரவே தேவைப்பட்டது. ஒவ்வொரு கூட்டமைப்பும் தன் தரவைப் பூட்டி வைத்திருக்கும், நியாயமான தனியுரிமைக் காரணங்களுக்காக. 2015-இல் பிரெண்டன் புலிக்-சலிவனும் கூட்டாளிகளும் கொண்டுவந்த எல்டி மதிப்பெண் தொடர்புப்போக்கு இந்தப் பூட்டைச் சுற்றிக்கொண்டு போனது. வெளியிடப்பட்ட சுருக்கப் புள்ளிவிவரங்கள் மட்டும் போதும். இதன் உள்வேலையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தத் துறையில் நான் பார்த்த அழகான யோசனைகளில் இது ஒன்று.

ஒரு ஸ்னிப்பின், அதாவது ஓர் ஒற்றை எழுத்து வேறுபாட்டின், புள்ளிவிவரம் அதன் சொந்த விளைவை மட்டும் சொல்வதில்லை. குரோமோசோமில் அதற்கு அக்கம்பக்கத்தில் இருந்துகொண்டு அதோடு சேர்ந்தே தலைமுறைகளைக் கடக்கிற மற்ற ஸ்னிப்களின் விளைவையும் அது சுமக்கிறது. இப்படிச் சேர்ந்து வருவதை எல்டி என்கிறார்கள். ஒரு ஸ்னிப்புக்கும் அதன் சுற்றத்தில் உள்ள ஒவ்வொன்றுக்கும் இடையிலான ஒட்டுறவின் வர்க்கங்களைக் கூட்டினால் கிடைப்பது அதன் எல்டி மதிப்பெண். ஒரு பண்பு ஆயிரக்கணக்கான சின்ன விளைவுகளால் ஆனது என்றால், சுற்றம் பெரிதாக உள்ள ஸ்னிப் உண்மையான விளைவுகளைச் சுமக்கும் வாய்ப்பு அதிகம். அதனால் அதன் புள்ளிவிவரம் சராசரியாகப் பெரிதாக இருக்கும். மக்கள்தொகைக் கலப்பால் வரும் செயற்கையான வீக்கத்துக்குச் சுற்றத்தின் அளவோடு பெரும்பாலும் சம்பந்தம் இல்லை. எனவே புள்ளிவிவரத்தை எல்டி மதிப்பெண்ணுக்கு எதிராக வரைந்து கோடு போட்டால், சாய்வு மரபின் பங்கையும், கோடு அச்சை வெட்டும் இடம் வீக்கத்தையும் தனித்தனியாகச் சொல்லிவிடும்.

அப்புறம் அடுத்த படி. ஒரே ஸ்னிப்புக்கு இரண்டு பண்புகளிலும் கிடைத்த இசட் மதிப்புகளை (விளைவைத் திட்டப்பிழையால் வகுத்தவை) பெருக்கி, அந்தப் பெருக்குத்தொகையை எல்டி மதிப்பெண்ணுக்கு எதிராக வரைகிறோம். பொதுவான மரபு விளைவு இருந்தால் சுற்றம் பெருகப் பெருகப் பெருக்குத்தொகையும் வளரும். ஆட்கள் பொதுவாக இருந்ததால் வந்த ஒட்டுறவோ எல்லா ஸ்னிப்பிலும் ஒரே அளவு, ஆகவே அது கோடு அச்சை வெட்டும் இடத்துக்குள் போய்விடும், சாய்வைத் தொடாது. மேலே சொன்ன அந்த 0.4 தொல்லை, யார் யார் இரு ஆய்விலும் இருந்தார்கள் என்றே தெரியாமல், தானாகவே ஒதுங்கிவிடுகிறது! அந்தக் குழு 24 பண்புகளை எடுத்து 276 இணைகளுக்கும் மரபு ஒட்டுறவு கணக்கிட்டது. அனோரெக்ஸியாவுக்கும் ஸ்கிட்சோஃப்ரினியாவுக்கும் இடையே நேர்த்தொடர்பு, அனோரெக்ஸியாவுக்கும் உடல் பருமனுக்கும் எதிர்த்தொடர்பு என்று பலவும் வெளிவந்தன.

குறைகளும் உண்டு. மரபு ஒட்டுறவு என்பது ஒரு வகுத்தல். கீழே இரு பண்புகளின் மரபுப் பங்குகள் நிற்கின்றன. அவற்றில் ஒன்று சின்னதாக இருந்தால் விடை தறிகெட்டு ஆடும். ஒன்றுக்கு மேலே போன மதிப்பீடுகளையும் பார்க்கலாம். இன்னொன்று நோயறிதல். ஒரு நோயாளிக் குழுவில் சிலர் உண்மையில் மற்ற நோய் உள்ளவர்கள் என்றால் ஒட்டுறவு தானாக ஏறும். நயோமி ரே முதலானோர் 2012-இல் இதைக் கணக்கிட்டுக் காட்டினார்கள். மனநோய்களில் இது கற்பனையான கவலை இல்லை.

ஆனால் என்னை அதிகம் உறுத்துவது வேறு. மரபு ஒட்டுறவு பூச்சியம் என்றால் பொதுவாக எதுவும் இல்லை என்று பலர் படித்துக்கொள்கிறார்கள். அது ஒரு நிகரத் தொகை. பாதி இடங்களில் இரு பண்புகளும் ஒரே திசையில் போய், மீதிப் பாதியில் எதிர்த்திசையில் போனால் கூட்டுத்தொகை பூச்சியம், பொதுவான இடங்களோ நூறு சதவீதம். பிடிபிஎன்22 என்ற மரபணுவில் உள்ள ஒரு பிரபலமான வேறுபாடு முடக்குவாதத்துக்கும் முதல் வகை நீரிழிவுக்கும் ஆபத்தைக் கூட்டுகிறது, க்ரோன் நோயில் ஆபத்தைக் குறைக்கிறது. இப்படிப்பட்ட இடங்கள் நிறைய இருந்தால் சராசரி எதையும் காட்டாது. 2019-இல் வந்த மிக்சர் என்ற முறை இதற்காகவே எழுந்தது. எத்தனை வேறுபாடுகள் முதல் பண்புக்கு மட்டும், எத்தனை இரண்டாவதுக்கு மட்டும், எத்தனை இரண்டுக்கும் என்று, திசையைப் பொருட்படுத்தாமல் மதிப்பிடுகிறது. ஸ்கிட்சோஃப்ரினியாவும் கல்விக்காலமும் அதன் முதன்மை எடுத்துக்காட்டு. ஒட்டுறவு பூச்சியத்துக்குப் பக்கத்தில், ஆனால் பகிர்ந்துகொள்ளும் வேறுபாடுகள் ஏராளம்.

சரி, மொத்தக் கணக்கு போதும், 'இந்த ஓர் இடம் பொதுவா' என்று சொல்லுங்கள் என்பார்கள். அங்கே இன்மைக் கருதுகோளே, அதாவது சோதனை வீழ்த்தப் பார்க்கும் கூற்றே, வழுக்குகிறது. வழக்கமான பல பண்புச் சோதனைகளில் நிராகரிக்கப்படுவது 'எந்தப் பண்பிலும் விளைவில்லை' என்ற கூற்று. ஒரே ஒரு பண்பில் பெரிய விளைவு இருந்தாலே அது விழுந்துவிடும். பிறகு அந்த இடத்தைப் 'பல பண்புகளுக்குப் பொதுவான இடம்' என்று தலைப்பிட்டு வெளியிடுகிறார்கள். நமக்கு வேண்டியதோ 'குறைந்தது ஒன்றிலாவது விளைவில்லை' என்ற கூற்றை வீழ்த்துவது. இது மூன்று நிலைகளை உள்ளடக்கிய கூட்டுக் கருதுகோள். இரண்டிலும் இல்லை, முதலாவதில் மட்டும் உண்டு, இரண்டாவதில் மட்டும் உண்டு. எளிய தீர்வு, இரண்டு பி-மதிப்புகளில் பெரியதை எடுத்துக்கொள்வது. செல்லும், ஆனால் மிகவும் தயங்கும். இரண்டிலும் விளைவே இல்லாத இடத்தில், 0.05 என்ற வாசலுக்கு அது தவறும் விகிதம் 0.0025 மட்டுமே. மரபணுத்தொகுதியில் பெரும்பாலான இடங்கள் அப்படிப்பட்டவைதான் என்பதால் திறன் வீணாகிறது. தேபஸ்ரீ ராயும் நிலஞ்சன் சாட்டர்ஜியும் 2020-இல் முன்வைத்த பிளேக்கோ என்ற முறை, இரு இசட் மதிப்புகளின் பெருக்குத்தொகையை எடுத்து, அந்த மூன்று நிலைகளின் விகிதத்தையும் கணக்கில் கொண்டு இந்தத் தயக்கத்தைத் தளர்த்துகிறது. சாட்டர்ஜியின் குழுவே 2012-இல் கொண்டுவந்த அசெட் வேறு வழி. எந்தெந்தப் பண்புகளின் உட்கூட்டத்தில் விளைவு இருக்கிறது என்று எல்லாச் சேர்க்கைகளையும் தேடுகிறது, அப்படித் தேடியதற்கான விலையையும் கழித்துக்கொள்கிறது.

9பி21 வகைக் குழப்பத்துக்கு கோலாக் என்ற முறை. 2014-இல் வந்தது. ஓர் இடத்தில் ஐந்து சாத்தியங்களை எடைபோடுகிறது. கடைசி இரண்டுதான் முக்கியம்: இரு பண்புகளுக்கும் வெவ்வேறு வேறுபாடு, அல்லது இரண்டுக்கும் ஒரே வேறுபாடு. ஒரு பண்புக்கு ஓர் இடத்தில் ஒரே ஒரு காரண வேறுபாடுதான் என்று அது எடுத்துக்கொண்டது, பின்னர் வந்த வடிவங்களில் அது தளர்த்தப்பட்டது. இதில் முன்நிகழ்தகவு என்று, அதாவது தரவைப் பார்க்கும் முன்பே ஒரு சாத்தியத்துக்கு நாம் தரும் எடை என்று, ஓர் எண் கொடுக்க வேண்டும். மென்பொருளில் ஏற்கெனவே இருக்கும் எண்ணை அப்படியே விட்டுவிட்டு முடிவை மட்டும் தூக்கிப்பிடிக்கும் கட்டுரைகளைப் பார்த்தால் எரிச்சல் வரும். அந்த எண்ணைப் பத்து மடங்கு மாற்றிப் பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது.

எம்டேக் பற்றி ஒரு வரி. ஒட்டுறவுள்ள பண்புகளிடமிருந்து தகவலைக் கடன் வாங்கி ஒரு பண்பின் மதிப்பீடுகளைக் கூர்மையாக்கும் 2018-ஆம் ஆண்டு முறை. எல்லா ஸ்னிப்பிலும் விளைவுகளின் தொடர்பு ஒரே மாதிரி என்பது அதன் எடுகோள். ஆகவே பொதுவா என்று சோதிக்க அதைப் பயன்படுத்துவது, பொது என்று முதலிலேயே சொல்லிவிட்டுப் பிறகு சோதிப்பது.

எனக்குப் பிடித்த முறை மாஷ். மாத்யூ ஸ்டீஃபன்ஸின் குழு 2019-இல் வெளியிட்டது. 44 மனிதத் திசுக்களில் மரபணு வெளிப்பாட்டை மாற்றும் வேறுபாடுகளை அவர்கள் எடுத்தார்கள். விளைவுகள் எந்தெந்த வடிவங்களில் பகிரப்படுகின்றன என்று முதலில் மொத்தத் தரவிலிருந்தே கற்றுக்கொள்கிறது. சில வேறுபாடுகள் எல்லாத் திசுவிலும் சமம், சில மூளைப் பகுதிகளில் மட்டும் பலம், சில ஒரே திசுவில் மட்டும். பிறகு ஒவ்வொரு வேறுபாட்டின் மதிப்பீட்டையும் அந்த வடிவங்களின் வெளிச்சத்தில் திருத்துகிறது. விளைவின் குறி, அதாவது கூட்டுகிறதா குறைக்கிறதா என்பது, தவறாக இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று சொல்கிறது, உண்டா இல்லையா என்ற கேள்வியைவிட அது எனக்கு நேர்மையாகப் படுகிறது. 'பொது' என்ற சொல்லையும் அங்கே இரண்டாகப் பிரித்துவிட்டார்கள்: குறியில் பொது, அளவில் பொது. பெரும்பாலான விளைவுகள் குறியில் பொதுவானவை, அளவில் அவ்வளவு இல்லை. திசுவுக்கே உரிய விளைவுகள் என்று வட்டப்படங்கள் சொன்னவற்றில் நிறைய, எல்லாத் திசுவிலும் ஒரே திசையில் போகிற, சில இடங்களில் மட்டும் பலமாக ஒலிக்கிற விளைவுகள்.

இந்த அளவு, குறி விவகாரம்தான் சூழல் பக்கம் போகும்போது முழு வேகம் எடுக்கிறது.

டக்ளஸ் ஃபால்கனர் 1952-இல் ஒரு எளிமையான யோசனை சொன்னார். ஒரே பண்பை இரண்டு சூழல்களில் அளந்தால், அதை ஒரு பண்பாக நினைக்காதே, இரண்டு பண்புகளாக நினை. வயிறார உண்ணும் எலியின் வளர்ச்சி ஒரு பண்பு, அரைவயிற்று எலியின் வளர்ச்சி இன்னொரு பண்பு. இரண்டுக்கும் மரபு ஒட்டுறவு ஒன்றாக இருந்தால், ஒரு சூழலில் தேர்ந்தெடுத்த எலிகள் மற்றதிலும் தேறும். குறைவாக இருந்தால் தேறாது. பல பண்புகளுக்கான கணிதமும் பல சூழல்களுக்கான கணிதமும் அந்தக் கணத்தில் ஒன்றாகிவிட்டன. ஆலன் ராபர்ட்சன் 1959-இல் அந்த ஒட்டுறவுக்கு 0.8 என்று ஓர் எல்லையைச் சொன்னார். அதற்குக் கீழே போனால்தான் சூழல் வித்தியாசத்தை வளர்ப்பவர் பொருட்படுத்த வேண்டும். இன்றும் கால்நடை மரபியலில் அந்த எண் புழக்கத்தில் இருக்கிறது. காளைகளைப் பல நாடுகளுக்கு இடையே ஒப்பிடும் இன்டர்புல் அமைப்பு, லேரி ஷேஃபர் 1994-இல் வகுத்த முறையில், ஒவ்வொரு நாட்டின் பால் உற்பத்தியையும் தனிப் பண்பாகத்தான் கணக்கில் எடுக்கிறது. மேய்ச்சலை நம்பும் நியூசிலாந்தில் முதலிடம் பிடிக்கும் காளை, தீவனம் கொட்டிக் கொடுக்கும் நாட்டில் அதே இடத்தில் நிற்க வேண்டிய அவசியமில்லை.

பயிர்க்காரர்கள் வேறு கோணத்தில் வந்தார்கள். ஃபின்லேயும் வில்கின்சனும் 1963-இல் 277 பார்லி வகைகளை எடுத்து, ஒவ்வொன்றின் விளைச்சலையும் அந்தந்த இடத்தின், பருவத்தின் சராசரி விளைச்சலுக்கு எதிராகக் கோடு போட்டார்கள். சாய்வு ஒன்றுக்கு மேல் என்றால் நல்ல சூழலை நன்றாகப் பயன்படுத்திக்கொள்ளும் வகை, கீழே என்றால் எங்கே போட்டாலும் பெரிதாக அசையாத வகை. இங்கே விளைவின் திசை மாறவில்லை, பெருக்கம்தான் மாறுகிறது. ஒட்டுறவு ஒன்றாகவே இருந்துகொண்டு விளைவின் அளவு மட்டும் சூழலுக்கு ஏற்ப ஏறி இறங்கலாம். ஃபால்கனரின் ஒட்டுறவு இதைப் பார்க்காது.

மனிதர்களிலும் இதுதான் கதை. பாலினத்தை ஒரு சூழலாக எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் ஐந்து லட்சம் பேரின் யுகே பயோபேங்க் தரவில், டெஸ்டோஸ்டீரோன் அளவுக்கு ஆண்களுக்கும் பெண்களுக்கும் இடையே மரபு ஒட்டுறவு பூச்சியத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. பெயர் ஒன்று, இரண்டு பாலினத்திலும் மரபியல் வேறு. ஆனால் இது விதிவிலக்கு. அர்பெல் ஹார்பக்கின் குழு மாஷைக் கொண்டு பல உடலியல் பண்புகளை அலசி 2023-இல் சொன்னது, பாலின வித்தியாசத்தின் முதன்மையான வடிவம் பெருக்கம் என்பதை. அதே வேறுபாடுகள், அதே திசை, ஒரு பாலினத்தில் ஒட்டுமொத்தமாகக் கொஞ்சம் பலமாக. இடம் இடமாகச் சோதித்துக்கொண்டிருந்தால் இது தென்படவே தென்படாது. ஒவ்வோர் இடத்திலும் வித்தியாசம் அவ்வளவு சின்னது.

இடம் இடமாகச் சூழலோடு ஊடாட்டம், அதாவது சூழலுக்கு ஏற்ப மாறும் மரபு விளைவு, தேடுவது எவ்வளவு கடினம் என்பதற்கு ஒரு பழைய கணக்கு உண்டு. ஒரே பருமனுள்ள முதன்மை விளைவைப் பிடிக்கத் தேவையானதைவிடக் குறைந்தது நான்கு மடங்கு ஆட்கள் வேண்டும் என்று ஸ்மித்தும் டேயும் 1984-இல் காட்டினார்கள். இதை மறந்ததால் வந்த சோகம் செரோடோனின் கடத்தி மரபணு. 2003-இல் 847 பேரை வைத்து, வாழ்க்கையின் துயர நிகழ்வுகள் அந்த மரபணுவின் ஒரு வடிவத்தோடு சேர்ந்தால் மனச்சோர்வு வரும் என்று ஒரு புகழ்பெற்ற ஆய்வு சொன்னது. உலகமே கொண்டாடியது. 2009-இல் 14 ஆய்வுகளை, 14,250 பேரைச் சேர்த்துப் பார்த்தபோது ஊடாட்டத்துக்கு ஆதாரம் இல்லை. துயர நிகழ்வுகள் மட்டும் சந்தேகமில்லாமல் மனச்சோர்வோடு தொடர்புடையவையாக நின்றன. பீட்டர் கிராஃப்ட் 2007-இல் முன்வைத்த கூட்டுச் சோதனை நடைமுறைக்கு நல்ல சமரசம். முதன்மை விளைவையும் ஊடாட்டத்தையும் சேர்த்தே சோதிக்கிறது, சூழல் ஒன்றில் மட்டும் வேலை செய்யும் வேறுபாடு நழுவிப் போவதைக் குறைக்கிறது. ஆனால் அது நிராகரிக்கும்போது ஊடாட்டம் உறுதியானது என்று படிக்கக் கூடாது. மேலே சொன்ன அதே கூட்டுக் கருதுகோள் வழுக்கல்தான்.

அளவுகோல் வேறு இருக்கிறது. ஒரு சூழல் எல்லா விளைவுகளையும் இரட்டிப்பாக்குகிறது என்றால், நேரடி அளவில் ஊடாட்டம் உண்டு, மடக்கை எடுத்தால் காணாமல் போய்விடும். எந்த அளவுகோல் சரி என்பதைப் புள்ளியியல் சொல்லாது. அந்தப் பண்பு உடலில் எப்படி உருவாகிறது என்று தெரிந்தவர் சொல்ல வேண்டும். இதை விவாதிக்காமல் எழுதப்பட்ட ஊடாட்டக் கட்டுரைகளை நான் பாதியிலேயே மூடிவிடுவேன்.

இவ்வளவும் சரியாகச் செய்தாலும் ஓர் ஓட்டை மிச்சமிருக்கிறது. 2022-இல் ரிச்சர்ட் பார்டர் முதலானோர் அதைப் பெரிதாகத் திறந்து காட்டினார்கள். மனிதர்கள் தற்செயலாக இணை சேர்வதில்லை. ஒருவரின் ஒரு பண்பு, துணைவரின் வேறொரு பண்போடு ஒத்துப்போகிறது. நீண்ட காலம் படித்தவர்களும் உயரமானவர்களும் சராசரிக்கு மேல் சேர்ந்தால், அவர்கள் பிள்ளைகளில் கல்விக்கான வேறுபாடுகளும் உயரத்துக்கான வேறுபாடுகளும் சேர்ந்தே இருக்கும், ஒரே ஒரு மரபணுகூட இரண்டையும் தொடாவிட்டாலும். எல்டி மதிப்பெண் முறை இதையும் மரபு ஒட்டுறவாகவே எண்ணிவிடும். நாம் வெளியிட்ட மரபு ஒட்டுறவுப் பட்டியல்களில் எத்தனை எண்கள் உயிரியல், எத்தனை திருமண வழக்கம் என்பது பண்புக்குப் பண்பு வேறுபடும். துணைவர்களிடையே ஒத்துப்போகாத பண்புகளில் இந்தத் தொல்லை குறைவு, மனநோய்களில் நிறையவே உண்டு.

இதற்குத் தெரிந்த நல்ல மருந்து உடன்பிறந்தவர்கள். ஒரே பெற்றோரின் பிள்ளைகளுக்குள் எந்த வடிவம் யாருக்குப் போனது என்பது சீட்டுக் குலுக்கல்தான், பெற்றோர் எப்படி இணைந்தார்கள் என்பது இருவருக்கும் பொது. 2022-இல் 19 ஆய்வுக் குழுக்களின் 1,78,086 உடன்பிறந்தோரை வைத்துச் செய்த தொடர்பாய்வில் கல்விக்காலம், உயரம், மனச்சோர்வு அறிகுறிகள் என்று பலவற்றின் விளைவுகள் வழக்கமான ஆய்வுகளைவிடச் சுருங்கின. எண்ணிக்கை போதாததால் மரபு ஒட்டுறவின் பிழை எல்லைகள் அங்கே இன்னும் அகலம். அதனால் இப்போதைக்கு நான் இரண்டையும் அடுத்தடுத்து வைத்துத்தான் படிக்கிறேன். லட்சக்கணக்கானோரிடமிருந்து வந்த குறுகிய இடைவெளி ஒருபக்கம், உடன்பிறந்தோரிடமிருந்து வந்த அகலமான இடைவெளி மறுபக்கம். முதலாவது 0.4 என்று உறுதியாகச் சொல்லி, இரண்டாவது பூச்சியத்தையும் 0.4-ஐயும் சேர்த்தே அணைத்துக்கொண்டிருந்தால், அந்த இணையைப் பற்றி 'பொது' என்று எழுதுவதை ஒத்திப்போடுகிறேன்.